பின்சீட்டுக்கு அடியில ஒரு சத்தம்

எங்க மெக்கானிக் மிஸ்திரிய நெனச்சா எனக்கு மொதல்ல ஞாபகத்துக்கு வர்றது அவரோட மூடின கண்ணுதான். வண்டிக்குள்ள இருக்குற கண்ணாடியில பாத்தா தெரியும். பின்சீட்ல நட்ட நடுவுல உக்காந்திருப்பாரு. ரெண்டு கையும் தொடை மேல. கண்ண மூடி, தலைய ஒரு பக்கமா சாச்சு, கச்சேரி கேக்க வந்தவர் மாதிரி. நான் கிடர்பூர்ல ட்ராம் தண்டவாளத்து மேல வண்டிய மெதுவா ஏத்தி எறக்குவேன். லொடக். "ஆபார்"ம்பாரு. மறுபடியும்னு அர்த்தம். பின்னால வர்ற லாரிக்காரன் ஹார்ன் அடிச்சு எங்கம்மாவ விசாரிப்பான். நான் மறுபடி ஏத்துவேன். லொடக். "ஆபார்." அந்தச் சத்தத்துக்காக நாங்க ரெண்டு பேரும் தண்டவாளத்தத் தேச்ச தேய்ப்புக்கு, ட்ராம்காரங்க எங்க வீட்டுக்கே பில்லு அனுப்பியிருக்கணும்.

நான் பூல் கார் ஓட்டுறவன். கல்கத்தாவுல ஸ்கூல் புள்ளைகள வீடு வீடா அள்ளிக்கிட்டுப் போயி ஸ்கூல் வாசல்ல கொட்டிட்டு, மத்தியானம் திரும்ப அள்ளிக்கிட்டு வர்ற வண்டிக்கு அந்தப் பேரு. நான் ஸ்கூலுக்கு உள்ள இருந்த காலத்தவிட வாசல்ல நின்ன காலம்தான் ஜாஸ்தி. எங்கப்பா திருநெல்வேலிப் பக்கத்துலருந்து வந்து சாந்த்ராகாச்சி யார்டுல ரயில்வே கலாசியா இருந்தாரு. என்னையும் ஆபீசராக்கணும்னு ஆசை. ஆறாங்கிளாஸ் வாத்தியாருதான், "நீ வெளிய இருந்தா கிளாஸ் நல்லா நடக்குதுடா"ன்னாரு. பெரியவங்க பேச்சத் தட்டக்கூடாதுன்னு அன்னிக்கு வெளிய வந்தவன், இன்னும் வெளியதான் இருக்கேன். கொஞ்ச நாள் கிடர்பூர் டாக் துறைமுகத்துல லாரிக்கு க்ளீனரா சுத்தினேன். அப்பலேருந்து மிஸ்திரி பழக்கம். பேரு சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. மிஸ்திரின்னா அவருதான். அவரு என்னைய "அன்னா"ம்பாரு. மெட்ராஸ்காரன் எவனப் பாத்தாலும் வங்காளிங்களுக்கு அவன் அன்னாதான், பத்து வயசு சின்னவனா இருந்தாலும்.

அவரு கராஜ்னு சொன்னா பெரிய எடம்னு நெனச்சுக்காதீங்க. ஒரு தகரக்கூரை, ஒரு குழி, சுவத்துல காளி படம். அவ்வளவுதான். ஆனா ஒரு வழக்கம் வெச்சிருந்தாரு. எந்தச் சாமான மாத்தினாலும், கழட்டின பழசப் பழைய பேப்பர்ல சுத்தி நம்ம கையில குடுத்துருவாரு. "தேக்கே நாவ்"ம்பாரு. பாத்து வாங்கிக்கன்னு. நான் பாத்ததே இல்ல. பாத்தா மட்டும் என்ன தெரியப்போவுது? டாக்டரு எக்ஸ்ரேய வெளிச்சத்துல தூக்கிக் காட்டுறப்ப நாமளும் தலைய ஆட்டுறோம்ல, அந்த மாதிரிதான். எண்ணெ ஒழுகுற அந்தப் பொட்டலத்த வாங்கிக்கிட்டு நேரா டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்துல பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டு, அந்தக் காசுக்குப் பக்கத்துக் கடையில தெலேபாஜா வாங்கித் திம்பேன். கடலமாவுல தோச்சு எண்ணெயில பொரிச்ச கத்திரிக்கா, வெங்காயம், உருளக்கெழங்கு. இத ஏன் இப்பச் சொல்றேன்னா, பின்னால இந்தத் தெலேபாஜா என் நெஞ்சுலயே நின்னுபோச்சு.

சத்தம் ஆரம்பிச்சது ஒரு கோடையில. ஆனா கதை அதுக்கு முந்தின குளிர்காலத்துலயே ஆரம்பிச்சிருச்சு. ஒருநாள் காலையில பனிமூட்டம். டாக்குரியா பாலத்து எறக்கத்துல வண்டி நெறையப் புள்ளைங்களோட வந்துக்கிட்டிருக்கேன். காய்கறி ஏத்தின வேன்ரிக்ஷா ஒண்ணு பனிக்குள்ளருந்து மொளச்ச மாதிரி முன்னால நின்னுச்சு. ப்ரேக்க மிதிச்சேன். வண்டி ஒரு சுத்து சுத்தி, நடுவுல இருக்குற கட்டைய ஒரசிக்கிட்டு, வந்த வழியப் பாத்து நின்னுச்சு.  பின்னால திரும்பிப் பாத்தா எல்லாப் புள்ளைகளும் முழுசா இருக்கு. ஒரு தண்ணி பாட்டில் மட்டும் ஒடஞ்சிருக்கு. ஒரு வாண்டு கைதட்டி, "காக்கு, ஆபார் கொரோ!"ங்குது. மாமா, மறுபடி பண்ணுன்னு. வீட்டுக்கு வந்து இத நான் பொண்டாட்டிகிட்ட ஜோக்கா நடிச்சுக் காட்டினேன். வண்டி சுத்தின மாதிரி நானும் அடுப்படியில ஒரு சுத்து சுத்தினேன். அவ சிரிக்கல. அடுப்ப அணைச்சுட்டு உள்ள போயிட்டா. நான் பாட்டுக்கு, இவளுக்கு ரசனையே கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டு மிச்ச சோத்தத் தின்னேன்.

வெயில் ஏற ஏற வண்டியில லொடக்னு ஒரு சத்தம். பள்ளத்துல விழுந்தா, தண்டவாளத்துல ஏறினா, வேகத்தட வந்தா, பின்னாலருந்து லொடக். சின்னச் சத்தம்தான். ஆனா புள்ளைங்கள ஏத்துற வண்டியில சின்னச் சத்தம்னு ஒண்ணு கெடையாது. புள்ளைங்க ஸ்கூல்ல ரைம்ஸ மறந்தாலும் இத மறக்காம வீட்டுல போயி ஒப்பிக்குதுங்க. "மா, காக்குவோட காடி லொடக் லொடக்னு பேசுது." அடுத்த நாளே அம்மாக்கள் வாசல்ல நிக்கிறாங்க. ஒருத்தர் பேங்க் ஆபீசர், நம்ம ஊர்க்காரர், "என்னப்பா, வண்டி கண்டிஷன் சரியில்லன்னா சொல்லிரு, வேற ஏற்பாடு பாத்துக்கறோம்"னாரு. தமிழ்லயே பயமுறுத்தினா இன்னும் நல்லா உள்ள எறங்குது.

மிஸ்திரிகிட்டப் போனேன். பின்சீட்ல உக்காந்து கண்ண மூடிக் கேட்டாரு. "ஷாக்கர்"னாரு. பின் சக்கரத்துக்கு மேல இருக்குற ஷாக் அப்சார்பர். மாத்தினாரு. பழசப் பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு. தெலேபாஜா தின்னேன். கொஞ்ச நாள் சத்தம் கம்மியான மாதிரி இருந்துச்சு. இல்ல, நான்தான் அப்படி நெனச்சுக்கிட்டேனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. மழ ஆரம்பிச்சதும் லொடக் திரும்ப வந்துருச்சு. மறுபடி போனேன். மறுபடி தண்டவாளம், மறுபடி ஆபார். இந்தத் தடவ சக்கரத்தப் புடிச்சிருக்குற ஆர்ம்தான்னாரு. அதையும் மாத்தினாரு. மறுபடி பொட்டலம், மறுபடி தெலேபாஜா. லொடக் மட்டும் அசையல. வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உள்ளயே உக்காந்துக்கிச்சு.

எனக்குள்ள சந்தேகம் வந்தது அப்பத்தான். சந்தேகம் வேண்டாத விருந்தாளி மாதிரி. வரும்போது செருப்ப வெளிய விட்டுட்டுப் பணிவாத்தான் வரும், அப்புறம் நம்ம கட்டிலயே கேக்கும். மொதல்ல, பாவம், மனுஷன் தப்பாப் பாத்துட்டாரு போலன்னு நெனச்சேன். அப்புறம், தெரிஞ்சேதான் மாத்துறாரோ? அப்புறம், எத்தன வருஷமா மாத்துறாரு? காசுகூட போவட்டும்னு விட்டுரலாம். ஆனா அந்த வண்டியோட ப்ரேக்கப் பாத்ததும் அதே கைதான். பனியில என் வண்டிய நிறுத்தினது அந்தக் கை போட்ட ப்ரேக்கு. ஷாக்கர் பொய்யின்னா, ப்ரேக்கும் பொய்யா? அன்னிக்கு நின்னது அவரு வேலையினாலயா, இல்ல புள்ளைங்க அதிர்ஷ்டத்தாலயா? காலையில ஒவ்வொரு புள்ளையா ஏத்தும்போது இதான் மண்டைக்குள்ள ஓடும். வண்டிய ஊர்கோலம் மாதிரி ஓட்ட ஆரம்பிச்சேன். ரிக்ஷாக்காரன் என்னைய ஓவர்டேக் பண்ணிட்டுத் திரும்பிப் பாத்து, "தாதா, தள்ளணுமா?"ன்னு அண்ணன் முறை போட்டுக் கேட்டான். புள்ளைங்க தெனம் லேட்டு. ஸ்கூல்காரங்க என்னையும் புள்ளைங்களோட வெளிய நிறுத்தினாங்க. எனக்குப் பழகின எடம்தான்.

நடுவுல விஸ்வகர்மா பூஜை வந்துச்சு. கல்கத்தாவுல அன்னிக்கு எந்தக் கராஜுலயும் ஸ்பானரத் தொட மாட்டாங்க. மெஷினுக்குச் சாமியான விஸ்வகர்மாவ வெச்சுப் பூஜை, மைக்செட்டு, வானம் பூரா காத்தாடி, மத்தியானம் கிச்சுடி. மிஸ்திரி வருஷா வருஷம் எங்களக் கூப்பிடுவாரு. சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும் கிச்சுடி ஒரு பக்கம் இருக்குல்ல. போனோம். சாப்பிடும்போது அவரு என் பொண்டாட்டி பக்கத்துல இலையோட வந்து நின்னு மெதுவா என்னமோ கேட்டாரு. அவ தலைய ஆட்டி என்னமோ சொன்னா. நான் உப்பு பத்துச்சான்னு கேக்குறாரு போலன்னு நெனச்சேன். எனக்குப் பத்துச்சு. ரெண்டாந்தடவ வாங்கினேன்.

பூஜை முடிஞ்ச கொஞ்ச நாள்லயே மறுபடி அவருகிட்டப் போனேன். இந்தத் தடவ அவரு பின்சீட்ல ஏறவே இல்ல. கண்ண மூடல. குழிக்குள்ளயும் எறங்கல. வண்டியோட பின்பக்கத்த ஒருதடவ கையால தட்டிட்டு, "ஓட்டா கிச்சு நா, அன்னா. புரோனோ காடி, ஆவாஜ் கொர்பேயி. சாலாவ்"னாரு. அது ஒண்ணுமில்ல, பழைய வண்டி, சத்தம் போடத்தான் செய்யும், ஓட்டுன்னு.

எனக்கு வந்துச்சே கோவம்! ரெண்டு தடவ கழட்டி மாட்டிட்டு இப்ப ஒண்ணுமில்லயாம். "அப்ப எதுக்கு மாத்தின?"ன்னேன். அவரு வேஸ்ட் துணிய எடுத்துக் கையத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. கை சுத்தமாத்தான் இருந்துச்சு. வீட்டுல வந்து சொன்னேன். என் பொண்டாட்டிக்கு என்மேலதான் கோவம் வரும்னு பாத்தா, அவ சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, "நடங்க, நானே கேக்கேன்"னுட்டா. கிடர்பூருக்குப் பஸ்ஸுல போனோம். வண்டியில போயிருக்கலாம், ஆனா சண்டைக்குப் போறப்ப லொடக்னு போனா மரியாதையா இருக்காதுல்ல.

அங்க நாலஞ்சு பூல் கார்க்காரங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க முன்னாலயே ஆரம்பிச்சா. பாதி வங்காளி, பாதி திருநெல்வேலி. "துமி சோர்! புள்ளைங்க போற வண்டியில வெளயாடுதியே, ஒனக்கு வீட்டுல புள்ள இல்லையா? ஒன்னய நம்பித்தான் இந்த மனுசன் காலையில போறாரு!" சோர்னா திருடன். எல்லாருக்கும் அது மட்டும் நல்லா வெளங்குச்சு. மிஸ்திரி அவளப் பாத்தாரு. அப்புறம் என்னையப் பாத்தாரு. மறுபடி அவளையே பாத்தாரு. ஏதோ சொல்லப்போறாருன்னு நானும் காத்திருந்தேன். "பௌதி, காடி டீக் ஆச்சே"ன்னாரு. அண்ணி, வண்டி நல்லாத்தான் இருக்கு.  திருடன் இவ்வளவு அமைதியா நிக்கவும் மாட்டான், நல்லவன் இவ்வளவு சும்மாவும் இருக்க மாட்டான்னு வழி பூரா கொழம்பிக்கிட்டு வந்தேன்.

அப்புறம் கண்ணாடி போட்ட பெரிய கராஜ் ஒண்ணுக்குப் போனேன். ஏசி, சோபா, காப்பி. கம்ப்யூட்டர வண்டியில சொருகி, தாள் அடிச்சுக் குடுத்து, ஸ்டியரிங்ல ராக் போயிருச்சுன்னாங்க. மாத்தினாங்க. வெளிய வந்து மொதல் வேகத்தடையில லொடக். அவங்ககிட்டப் போயி நான் சண்டை போட்டேனா? போடல. ஏசியில நிக்கிறப்ப எனக்குச் சத்தமே வர மாட்டேங்குது. தகரக்கூரைக்கு அடியிலதான் என் வீரமெல்லாம். பழசக் குடுங்கன்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் தர்றதில்ல சார்"னாங்க. சார்னதும் நானும் சந்தோஷமா வந்துட்டேன்.

துர்கா பூஜை லீவு முடிஞ்சு ஸ்கூல் தெறந்த சமயம், ஒரு புள்ளையோட பென்சில் டப்பா பின்சீட்டு இடுக்குல விழுந்துருச்சு. ஸ்கூல் வாசல்ல நிறுத்திட்டு, இருக்குற பலத்தையெல்லாம் போட்டுச் சீட்டத் தூக்கினேன். அந்தச் சீட்ட நான் தூக்கினதே இல்ல. கூட்டுறதுகூட கண்ணுக்குத் தெரியுற எடம் வரைக்கும்தான். அடியில ஒரு குழி மாதிரி எடம். அதுல பழைய சேலைத்துணி அணை குடுத்து, நடுவுல மஞ்சத்துணியில இறுக்கி முடிஞ்ச ஒரு உருண்டை. புள்ள எட்டிப் பாத்து, "காக்கு, ஏட்டா கீ?"ன்னுச்சு. இது என்னன்னு எனக்கென்ன தெரியும்? அதுக்குள்ள ஸ்கூல் வாட்ச்மேன், தர்வான்ம்பாங்க, எட்டிப் பாத்துட்டு, "போமா!"ன்னு ஒரு கத்துக் கத்தினான். வெடிகுண்டாம். அவ்வளவுதான், அம்மாக்களெல்லாம் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓட, கத்தின தர்வான் அவங்களுக்கும் முன்னால ஓட, வண்டிக்குப் பக்கத்துல நான் மட்டும் நிக்கேன். தைரியம்லாம் இல்ல, காலு வரல. கைய விட்டு எடுத்தேன். எடுத்ததும் அது பேசுச்சு.

லொடக்.

செத்தாலும் அந்தச் சத்தத்த நான் அடையாளம் சொல்லுவேன். ஆபார்னு என் மண்டைக்குள்ள யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. ஆட்டினேன். லொடக். துணிக்கு மேல ஒரு குடுமி நீட்டிக்கிட்டிருந்துச்சு. தூரத்துலருந்து ஒரு அம்மா, "ஓமா, நாரகோல்!"னாங்க. ஐயோ, தேங்கா! எல்லாரும் சிரிச்சாங்க. தர்வானும் எதுவுமே நடக்காத மாதிரி திரும்பி வந்து நின்னான். பூஜை சாமான், மறந்துட்டேன்னு சொல்லி மடியில வெச்சுக்கிட்டேன். நானும் சிரிச்சேன். வாய் மட்டும்தான் சிரிச்சுச்சு.

வீட்டுக்குக் கொண்டுபோயி அவ முன்னால வெச்சேன். அவ மொதல்ல கேட்டது, "அவுத்தீயளா?" இல்லன்னேன். "சத்தியமா?" சத்தியமா. முடிச்சத் தடவிப் பாத்துட்டுத்தான் மூச்சு விட்டா. அன்னிக்குப் பனியில வண்டி சுத்துன கதைய நான் அடுப்படியில ஆடிக் காட்டினேன்ல, அன்னிக்கே எங்க சாஸ்தாவுக்கு நேந்து முடிஞ்ச தேங்காயாம். இந்த மனுசன் இந்த வண்டிய ஓட்டுற வரைக்கும் எந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது, ஓட்டுறத நிறுத்துற அன்னிக்கு ஊருக்கு வந்து ஒன் வாசல்ல ஒடைக்கேன்னு வேண்டுதல். அது வரைக்கும் முடிச்சு அவுறக்கூடாது, தேங்கா வண்டிய விட்டு வெளிய இருக்கக்கூடாது. வெச்சப்போ தண்ணி இருந்ததால சத்தம் இல்ல. கோடையில, வண்டி சூட்டுல, தண்ணி வத்தி உள்ள கொப்பரையாகி, ஓட்ட விட்டுக் கழண்டு உருள ஆரம்பிச்சிருக்கு. சத்தம் அதுதான்னு அவளுக்கும் தெரியல. அவ வண்டியில ஏறுறதே வருஷத்துல ரெண்டு தடவ.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"ன்னேன்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீய? ஸ்டாண்டுல போயி, எம் பொண்டாட்டி வண்டிக்கு ஸ்டெப்னி மாதிரி தேங்கா வெச்சிருக்கா, பஞ்சர் ஆனா சட்னி அரைக்கலாம்னு சிரிச்சிருப்பீய."

 அவ சொன்ன அதே ஜோக்கு அந்த நேரத்துல என் நாக்கு நுனியில இருந்துச்சு.

அப்புறம் அவளாவே நிதானமா சொன்னா. "மிஸ்திரிக்குத் தெரியும்." விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு இலையோட வந்து நின்னாருல்ல, அவரு கேட்டது உப்பு இல்ல. எப்பவோ சீட்டத் தூக்கிப் பாத்திருக்காரு போல. பின்சீட்டுக்கு அடியில இருக்கே பௌதி, அது மானத்தா, அங்கயே இருக்கணுமான்னு கேட்டிருக்காரு. மானத்னா நேர்ச்சை. இருக்கணும், தொடாதீங்க, அவருகிட்டயும் சொல்லாதீங்கன்னு இவ கேட்டுக்கிட்டிருக்கா. சரின்னுட்டாராம். சொல்லிக்கிட்டே வந்தவ நடுவுல நிறுத்தினா. மொகம் மாறிப்போச்சு. "என்னங்க, நான் அவரச் சோர்னு சொன்னேனே. அத்தன பேருக்கு முன்னால. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்தானங்க வாயடச்சுப் போயிருப்பேன்."

மறுநாளே காலைச் சவாரிய முடிச்சுட்டுக் கிடர்பூர் போனோம். கராஜ் பூட்டியிருக்கு. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், "விட்டுட்டாரு. முட்டி வலின்னாரு. சாந்த்ராகாச்சியில மக வீட்டுல இருக்காரு"ன்னாரு. முட்டி வலிதானா, அன்னிக்கு நின்னுக்கிட்டிருந்த பூல் கார்க்காரங்க அப்புறம் வந்தாங்களான்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கல. பதில் வந்துருமோன்னு பயம்.

குளிர் எறங்கினப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம சாந்த்ராகாச்சி போனோம். அவ தட்டை சுட்டு டப்பா நெறைய எடுத்துக்கிட்டா. யார்டுக்குப் பின்னால சின்ன வீடு. எங்கப்பா கைவிளக்கோட நடந்த தண்டவாளமெல்லாம் அங்கருந்து தெரியுது. மிஸ்திரி வெயில்ல பிரம்பு மோடா போட்டு உக்காந்து கமலா ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தாரு. தலையில குரங்குக் குல்லா. கல்கத்தாவுல லேசாக் காத்து மாறினாலே அது ஏறிரும். "எஷோ, அன்னா"ன்னு கூப்பிட்டாரு, நேத்துத்தான் பாத்த மாதிரி. அப்புறம் அவளப் பாத்தாரு. "பௌதி, ஓட்டா ஆச்சே தோ?" அது இருக்குல்ல?

"ஆச்சே"ன்னா. அதுக்கு மேல அவளால முடியல. டப்பாவ அவரு மடியில வெச்சுட்டு அழ ஆரம்பிச்சா. அவரு பதறிப்போயி, "அட, அழாதீங்க. நீங்க திட்டினதுல பாதி எனக்குப் புரியவே இல்ல. புரிஞ்ச பாதிய நானே மறந்துட்டேன்"னாரு. அவ அழுதுக்கிட்டே சிரிச்சா. நானும் அதோட எந்திரிச்சு வந்திருக்கணும். ஆனா எனக்கு இன்னொண்ணு பாக்கி இருந்துச்சு. விஸ்வகர்மா பூஜை அன்னிக்கப்புறம் அவரு ஒண்ணுமில்ல, ஓட்டுன்னு சொன்னது நெஜம். அது இப்பத் தெளிவாயிருச்சு. அதுக்கு முன்னால?

"மிஸ்திரி, கோச்சுக்காதீங்க. மொதல்ல ஷாக்கர் மாத்தினீங்க, அப்புறம் ஆர்ம். அது ரெண்டும் நெஜமாவே போயிருந்துச்சா?"

உரிக்கிற கை நின்னுபோச்சு. என் பொண்டாட்டி என் தொடையில கிள்ளினா. அவரு என்னையே பாத்தாரு.

"பழசு ரெண்டையும் உன் கையில குடுத்தேன்ல. பாத்தியா?"

"பாக்கல."

"இப்ப எங்க இருக்கு?"

"இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்."

"காச என்ன பண்ணின?"

"தெலேபாஜா தின்னுட்டேன்."

சிரிச்சாரு பாருங்க. குல்லா கழண்டு விழுற வரைக்கும் சிரிச்சாரு. சிரிப்பு இருமலாகி, மக உள்ளருந்து தண்ணி எடுத்துக்கிட்டு ஓடி வந்துச்சு. "கேட்டியா, இவரு ஷாக்கரத் தின்னுட்டாராம்"னு மககிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். எல்லாம் அடங்கினப்புறம், கண்ணத் தொடச்சுக்கிட்டு, "அப்ப நான் சொல்றத மட்டும்தான் நீ நம்பணும், அன்னா"ன்னாரு. நான் தலைய ஆட்டிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். அவரு ஆரஞ்ச ரெண்டாப் பிச்சு, ஒரு பாதிய அவளுக்கும் ஒரு பாதிய எனக்கும் குடுத்தாரு. யார்டுல ஒரு எஞ்சின் போயிக்கிட்டிருந்துச்சு. அது போற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டிருந்தாரு.

கெளம்பும்போது வண்டி வரைக்கும் வந்தாரு. முட்டி நெஜமாவே மடங்கல. வண்டியோட பின்மூலைய ரெண்டு கையாலயும் ஒரு அமுக்கு அமுக்கி விட்டாரு. வண்டி கீழ போயி, மேல வந்து, அப்படியே நின்னுச்சு. ஆடல. "தேக்கோ"ன்னாரு. பாரு. நல்ல ஷாக்கர் அப்படித்தான் நிக்கணுமாம். புது ஷாக்கர் நல்லாத்தான் இருக்கு. பழசு எப்படி நின்னுச்சுன்னு அந்த அமுக்கு சொல்லாதே. ஒருவேள பழசு நெஜமாவே போயிருக்கலாம். ஒருவேள அவரு காது ஏமாந்திருக்கலாம், மனுஷக்காதுதானே. ஒருவேள அந்த மாசம் அவருக்கு வேற வேலையே வராம இருந்திருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணத் தூக்கி வெச்சுப் பாக்குறேன். எதுவும் சரியா உக்கார மாட்டேங்குது. ஒரு நேர்ச்சைக்காகத் திருடன் பட்டம் வாங்கிக்கிட்டவரு, ஒரு ஷாக்கருக்காகப் பொய் சொல்லுவாரான்னு என் பொண்டாட்டி கேக்கா. ரெண்டையும் ஒரே ஆளு செய்ய முடியாதான்னு நான் கேக்கேன். அவ பதிலுக்குத் தட்ட எடுத்து டங்குன்னு வெப்பா.

அந்தப் ப்ரேக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் மிதிச்ச எடத்துல நிக்குது. இப்ப வேற மிஸ்திரிகிட்டதான் போறேன். கழட்டின பழசக் கேட்டு வாங்கி, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்குறேன். ஒரு எழவும் புரியல. ஆனாலும் பாக்குறேன். இரும்புக்காரன்கிட்ட போடுறதில்ல. கட்டிலுக்கு அடியில பழைய ஷாக்கரும் புஷ்ஷுமா சேந்து, அவ கூட்டும்போதெல்லாம் எனக்குத் திட்டு விழுது.

தேங்கா பழையபடி பின்சீட்டுக்கு அடியிலதான். வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்னு ஸ்கூல் வாசல்ல எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்காங்க. அன்னிக்கு ராவே அவ அதே சேலைத்துணிய அணை குடுத்து அதே குழியில வெச்சுட்டா. சத்தம் ஓட்டுக்கு உள்ள இருக்கு. ஒடைக்காம அத நிறுத்த முடியாது. ஒடைக்க இன்னும் நேரம் வரல. ஸ்டாண்டுல யாருகிட்டயும் நான் இதச் சொல்லல. ஒரு நல்ல ஜோக்க நான் வாய்க்குள்ளயே வெச்சிருக்குறது என் வாழ்க்கையில இதான் மொதல் தடவ. அப்பப்ப தொண்டைய அடைக்குது.

போன வாரம் புதுசாச் சேந்த புள்ளைக்குத் தொணையா அவங்கம்மா வந்தாங்க. பின்சீட்ல நடுவுல உக்காந்தாங்க. தண்டவாளத்துல ஏறினோம். லொடக்.

"காக்கு, ஓட்டா கீ?"ன்னாங்க.

"ஓட்டா கிச்சு நா, திதி"ன்னேன், ஒண்ணுமில்லக்கான்னு. "புரோனோ காடி, ஆவாஜ் கொர்பேயி." சொல்லும்போதே இது யாரு குரல்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தம்மா புள்ளைய இழுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. கண்ணாடியில பாத்தேன். அவங்க கண்ண மூடல. எறங்குற வரைக்கும் என்னையவே பாத்துக்கிட்டு வந்தாங்க, அன்னிக்குத் தகரக்கூரைக்கு அடியில நான் அவரப் பாத்த மாதிரியே.